மடிக்கணினியில் அம்மாவின் குரல்

2021 ஆம் ஆண்டு மாசி மாதத்துப் பிற்பகல். சம்பா அறுவடை முடிந்து, வயல்களில் வைக்கோல் கட்டும் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. லுஹர் தொழுகையை முடித்துவிட்டு வந்து, திண்ணையில் அமர்ந்து, அம்மா பாடிய தாலாட்டு ஒன்றை மடிக்கணினியில் கேட்டுக் கேட்டுத் தமிழெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாம் அடியின் நடுவே குரல் தடைப்பட்டது. உடனே அடங்கிவிடவில்லை, ஒரே அசையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் இழுத்தது, பிறகு அதுவும் நின்றது. அம்புக்குறி அசையவில்லை. விசைகளை அழுத்தினால் எழுத்து விழவில்லை. திரையில் இருந்தது இருந்தபடியே உறைந்து நின்றது.

அம்மா வஃபாத்தாகி அப்போது ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. அவர்களுடைய குரல் அந்த ஒரு பெட்டியைத் தவிர இவ்வுலகில் வேறெங்கும் இல்லை என்பது அக்கணத்தில்தான் எனக்கு உறைத்தது.

அந்தப் பெட்டியின் வரலாற்றைச் சிறிது சொல்லவேண்டும். 2011 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள், அறிஞர் அண்ணாவின் பிறந்த நாளன்று, தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்புப் படித்த பிள்ளைகள் பலர் அதனைப் பெற்றார்கள். 2012 இல் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்த என் மகளுக்கும் ஒன்று கிடைத்தது. அவள் அதை வைத்துக்கொண்டே கல்லூரிப் படிப்பையும் முடித்தாள். நிக்காஹ் முடிந்து ஷார்ஜாவுக்குப் புறப்பட்டபோது, "அத்தா, இது உங்களுக்கு" என்று என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். பாபநாசம் வட்டத்தில், குடமுருட்டிப் பாசனத்தில் உள்ளது எங்கள் ஊர். இராஜகிரியும் பண்டாரவாடையும் கூப்பிடு தூரம். இப்பகுதியில் ஆண்பிள்ளைகள் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்க, வீட்டு அலமாரியில் இப்படியொரு மடிக்கணினி துணிபோர்த்திக் கிடப்பது அரிதான காட்சியன்று. இதை வாசிக்கும் அன்பர்களில் பலர் வீட்டிலும் ஒன்று கிடக்கலாம்.

அம்மாவிடம் ஒரு குறிப்பேடு இருந்தது. ஊரில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த ஒரு மூதாட்டியிடம் அவர்கள் அரபுத்தமிழ் எழுதக் கற்றவர்கள். தமிழெழுத்தைக் காட்டிலும் அதுவே அவர்களுக்குக் கைவந்தது. அரபு எழுத்துகளைக் கொண்டே தமிழை எழுதுவது. அரபியில் இல்லாத ப, ட, ஞ முதலிய ஒலிகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் கூட்டிக்கொள்வது. யாருக்கு எத்தனை மரக்கால் நெல் கடன் கொடுத்தோம் என்ற கணக்கு ஒரு பக்கத்தில். அடுத்த பக்கத்தில் ஒரு முனாஜாத்து. அதற்கடுத்து நலுங்குப் பாட்டு. எனக்கு அதை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆகவே 2016 முதல் 2018 வரை, ஓய்வுள்ள பிற்பகல்களில், அம்மா குறிப்பேட்டைப் பார்த்துப் படிக்கவும் பாடவும், மடிக்கணினியில் பதிவு செய்துவந்தேன். மொத்தம் 41 பதிவுகள். எல்லாவற்றையும் தமிழில் எழுதி முடித்த பின் படியெடுத்து வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். தமிழாசிரியனாக முப்பதாண்டுகள் பணியாற்றியவன் நான். பிள்ளைகளின் கட்டுரைகளை நகலெடுத்து வைக்கச் சொல்லிக் கண்டித்தவன். என் வரையில் அந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கவில்லை.

முதல்நாள் திரை உறைந்தபோது, மின்விசையை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, மறுபடி போட்டேன். வந்தது. மறுநாளும் நின்றது. மூன்றாம் நாள், அஸருக்கு முன் மட்டும் இரண்டு தடவை நின்றது. பாபநாசத்தில் கைப்பேசியும் கணினியும் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் என் தங்கை மகனைக் கூப்பிட்டேன். வந்தவன் பெட்டியைத் தொடவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து கேள்விகள் கேட்டான்.

"நின்னப்போ கேப்ஸ் லாக் அழுத்திப் பாத்தீங்களா மாமு? வெளக்கு எரிஞ்சு அணைஞ்சிச்சா?"

அதனாலென்ன என்றேன். திரை உறைந்தது என்று நாம் சொல்வதில் இரண்டு வகை உண்டாம். கேப்ஸ் லாக் விசையை அழுத்தும்போது அதன் சிறு விளக்கு எரிந்தும் அணைந்தும் பதில் சொன்னால், பெட்டிக்குள் உயிர் இருக்கிறது. ஏதோ ஒரு செயலி மட்டும் சிக்கிக்கொண்டிருக்கிறது. கன்ட்ரோல், ஆல்ட், டிலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, சிக்கியதை மட்டும் நிறுத்தினால் போதும். விளக்கும் பதில் சொல்லாவிட்டால் முழுப் பெட்டியும் நின்றுவிட்டது. அப்போதுதான் மின்விசையைப் பத்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். அதுவும் வேறு வழியில்லாதபோதுதான். எழுதிக்கொண்டிருக்கும் நிலையில் பிடுங்கி அணைத்தால் கோப்புகள் சிதையக்கூடும். நானோ முதல் விநாடியிலேயே கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து அவன் கேட்டது: "எந்நேரத்துல நிக்குது?" யோசித்துப் பார்த்தேன். காலை ஃபஜ்ருக்குப் பிறகு உட்கார்ந்தால் நிற்பதில்லை. வெயில் ஏறிய பின், அதிலும் ஒரு மணி நேரம் ஓடிய பின்தான் நிற்கிறது. "அப்போ சூடு" என்றான். ஆனால் அத்துடன் விடவில்லை. ஒரு சிறு செயலியை நிறுவி, உள்ளே இருக்கும் வெப்பத்தை அளந்து காட்டினான். 94 பாகை. நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாதென்பது விதி. நம் மிராசுதார்கள் ஒரு நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்தே "காய்ஞ்சிருச்சு" என்பார்கள்; நிலையத்தில் கருவியை வைத்தால் 19 காட்டும். கடித்துப் பார்த்துச் சொல்வதற்கும் அளந்து சொல்வதற்கும் உள்ள வேற்றுமையை இத்தனை வயதுக்குப் பின் தங்கை மகனிடம் கற்றேன்.

பிறகுதான் திருகுகளைக் கழற்றினான். உள்ளே ஒரு சிறு விசிறி. அதன் காற்று வெளியேறும் வழியில் சீப்புப் பற்கள்போல் மெல்லிய உலோகத் தகடுகள். இயந்திரத்தின் மூளையில் எழும் சூட்டை ஒரு செப்புக் குழாய் அத்தகடுகளுக்குக் கடத்த, விசிறி அதை வெளியே தள்ளுகிறது. அந்த விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையே பாய் நெய்து விரித்தாற்போல் ஒரு படலம் அடைத்துக்கொண்டிருந்தது. அவன் அதை இடுக்கியால் உரித்தெடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். நெல்லின் சுணை, வைக்கோல் தூள், பதரின் பொடி. எங்கள் வீட்டெதிரே சாலையிலேயே நெல் காயப்போடுவார்கள். சற்றுத் தள்ளிக் கொள்முதல் நிலையத்தில் தூற்றும் இயந்திரம் ஓடும். தஞ்சை மாவட்டத்தில் தைமாசியில் இந்தத் தூசி படியாத பொருள் எது? குறுவைக்கு ஒரு முறை, சம்பாவுக்கு ஒரு முறை என்று ஏழெட்டு ஆண்டுகளாக என் மடிக்கணினியும் நெல்லை உண்டுகொண்டிருந்திருக்கிறது. பெட்டியைச் செய்தவர்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. மெத்தைமேலும் தலையணைமேலும் வைத்துக்கொண்டு, அடிப்புறத்துக் காற்றுத் துளைகளை நானே பொத்தியிருக்கிறேன்.

தூரிகையால் சுத்தம் செய்து, காய்ந்து பொடிந்திருந்த வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவி மூடினான். வெப்பம் 60 பாகையில் நின்றது. சத்தமும் தணிந்தது. நோய் தீர்ந்தது என்று மகிழ்ந்தேன். அன்றே 41 பதிவுகளையும் ஒரு பென்டிரைவில் ஏற்றியிருக்க வேண்டும். "ஏத்திக்கோங்க மாமு" என்று அவனும் சொல்லிவிட்டுத்தான் போனான். ஏற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

கதையின் இந்த இடத்தில் வேறொரு மடிக்கணினியை நினைத்துக்கொள்கிறேன். 2018 நவம்பர் 16 ஆம் நாள் விடியற்காலை, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. முத்துப்பேட்டையில் என் சிற்றன்னை வீட்டில் ஓடு பறந்து, மழை நேராக அறைக்குள் இறங்கியது. அங்கிருந்த மடிக்கணினி நனைந்துவிட்டது. ஊரில் பல நாள் மின்சாரமில்லை. மூன்றாம் நாள் யாரோ வாடகைக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்தபோது, பிள்ளைகள் ஆவலில், "வேலை செய்யுதா பாப்போம்" என்று அதை இணைத்துப் போட்டுவிட்டார்கள். ஒரு மினுக்கு, ஒரு கருகல் வாடை. அவ்வளவுதான். நனைந்த பெட்டியைத் தண்ணீர் கெடுப்பதைவிட, ஈரத்தோடு பாய்ச்சும் மின்சாரமே விரைந்து கெடுக்கிறது. உடனே மின்கலத்தைக் கழற்றி, திறந்து, துடைத்து, நிழலில் பல நாள் காற்றாட வைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும்.

அதே வீட்டில் பெரியவர் ஒருவர், நனைந்த கைப்பேசியை அரிசிப் பானையில் புதைத்து வைக்கச் சொன்னார். அரிசி விளையும் நாட்டில் எல்லாவற்றுக்கும் அரிசியே மருந்து போலும்! அரிசி அவ்வளவாக ஈரத்தை இழுப்பதில்லை. திறந்து காற்றில் வைப்பது அதைவிட நல்லது. அரிசி மாவும் நொய்யும் துளைகளில் புகுந்து அடைத்துக்கொள்வதுதான் மிச்சம். ஆனால் அன்று அந்தப் பெரியவரை மறுத்துப் பேச யாருக்கும் மனம் வரவில்லை. அவருடைய தென்னந்தோப்பு முழுவதும் சாய்ந்து கிடந்தது.

முத்துப்பேட்டை மடிக்கணினி போனது போனதுதான். ஆயினும் அதிலிருந்த புகைப்படங்கள் போகவில்லை. பெட்டிக்குள் எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் வன்தட்டு (கடைத்தெருவில் ஹார்ட் டிஸ்க் என்றால்தான் புரியும்) தனியாகக் கழற்றக் கூடியது. அதை வேறொரு கணினியில் இணைத்துப் படங்களை எடுத்துவிட்டார்கள். பெட்டி வேறு, பெட்டிக்குள் இருப்பது வேறு என்று அப்போதே அறிந்திருந்தும், என் முறை வந்தபோது அது நினைவுக்கு வரவில்லை.

சுத்தம் செய்த மூன்றாவது வாரம். காலை வேளை, வெயில் ஏறாத நேரம். மறுபடியும் உறைந்தது. ஆனால் இம்முறை வேறு விதம். சிறிது நேரம் நின்று, தானே விழித்துக்கொண்டு ஓடும். அம்மாவின் பதிவுகள் உள்ள பகுதியைத் திறந்தால் மட்டும் மீண்டும் நிற்கும். காதை வைத்துக் கேட்டால் உள்ளே "டிக்… டிக்…" என்று கடிகாரம்போல் ஒரு சத்தம். சூட்டுக்கு மருந்து கொடுத்தோம், குணமாயிற்று என்று எண்ணியிருந்த எனக்கு, அது இரண்டாவது நோய் என்று விளங்கவில்லை. "தூசி இன்னும் மிச்சமிருக்கும்" என்று ஊதிப் பார்த்தேன். தட்டியும் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தட்டும் பழக்கம் அத்தாவிடமிருந்து வந்தது. எங்கள் வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. சிலோன் வானொலி நடுவில் நின்றுவிட்டால் அத்தா எழுந்து போய் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார், பாடும். வால்வின் கால்கள் பொருந்தும் துளைகளில் தொடர்பு தளர்ந்திருக்கும், தட்டினால் பொருந்திக்கொள்ளும். அந்த வைத்தியத்தில் காரணம் இருந்தது. மடிக்கணினியின் வன்தட்டோ நிமிடத்துக்கு 5400 முறை சுழல்வது. அதன் எழுதுமுனை தட்டைத் தொடாமல், தலைமயிரின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் குறைந்த உயரத்தில் மிதக்கிறது. அதன் தலையில் தட்டுவது, பாடிக்கொண்டிருப்பவரின் தொண்டையில் அடிப்பதைப் போன்றது.

நான்காம் நாள் காலை பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, சிறிது நேரம் ஏதோ ஓடுவதுபோல் காட்டிவிட்டு, கறுத்த திரையில் சில வெள்ளை எழுத்துகள் தோன்றி நின்றுவிட்டன. தங்கை மகன் அப்போது மனைவியின் ஊருக்குப் போயிருந்தான். நகரத்தில் ஒரு பெரிய கடைக்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்த இளைஞர் பரிவோடுதான் பேசினார். "விண்டோஸ் போயிருச்சு சார். ஃபார்மட் பண்ணி புதுசா போட்டுக்கலாம், ஒரு மணி நேரத்தில் எடுத்துக்கிட்டுப் போகலாம்" என்றார். உள்ளே இருப்பது என்னவாகும் என்று கேட்டேன். "அது போயிரும், ஆனா மிஷின் நல்லா ஓடும்" என்றார்.

நான் ஏறக்குறைய ஒப்புக்கொண்டேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே தலையசைத்துவிட்டேன். ஒரு பொருள் பழுதுபட்டு நிற்கும்போது அது மறுபடி ஓடினால் போதும் என்று ஒரு மயக்கம் வருகிறது. ரசீது எழுதப் பேனாவை எடுத்த அந்த நேரத்தில் கைப்பேசி அடித்தது. ஷார்ஜாவிலிருந்து மகள். என்ன செய்கிறீர்கள் என்று வழக்கம்போல் கேட்டாள்; சொன்னேன்.

"அத்தா, அதை மட்டும் செய்யச் சொல்லாதீங்க. பெட்டியை வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போங்க. நன்னி சத்தம் அதுலதானே இருக்கு?"

வீட்டுக்கு வந்தேன். இரவு இஷாவுக்குப் பிறகு அவளே கைப்பேசியில் வழிகாட்டினாள். முதலில் எதையும் செய்யாமல் விவரம் கேட்டாள். விளக்கு எரிகிறதா? எரிகிறது. எரியாவிட்டால், மின்னேற்றியின் விளக்கையும் சுவர்ச் செருகியையும் பார்க்க வேண்டும். பிறகு எல்லா இணைப்பையும் பிடுங்கி, மின்கலத்தைக் கழற்றி, பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடித்து, உள்ளே தங்கிய மின்னூட்டத்தை வடியவிட்டு மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாண்டுக்கு முன் ஒரு முறை இந்த ஒரு வைத்தியத்திலேயே பெட்டி எழுந்ததுண்டு. திரை முற்றிலும் இருளாக இருக்கிறதா? இல்லை, எழுத்து வருகிறது. இருளாக இருந்தால் டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். மங்கலாய் உருவம் தெரிந்தால் திரையின் பின்விளக்கு மட்டுமே போயிருக்கிறது, தொலைக்காட்சியில் இணைத்து வேலையை முடிக்கலாம். ஒன்றும் தெரியாவிட்டால் நினைவகத் தகட்டைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் திருப்பிச் செருகலாம். கடலோரத்து உப்புக்காற்றில் அந்தப் பற்கள் மங்கிப் போவதுண்டு. இவை ஒன்றும் நம் குறையல்ல என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தாள்.

பிறகு கேட்டாள்: "போட்டவுடனே ஒரு நொடி ரெண்டு பேரு வருமே, அது இன்னும் வருதா?"

வருகிறது. ஒன்பது ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. நான்தான் அதைப் படித்ததில்லை. அத்திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளமும் இருந்தது. நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. இந்திய மொழிகளுக்கென்று அமைத்தது. பெரும்பாலோர் அதைத் திறந்தே பார்த்ததில்லை. இடம் போதவில்லை என்று பழுதுபார்க்கும் கடைகளில் சொல்லி அழித்துவிட்டவர்களும் உண்டு. என் பெட்டியில் யாரும் கைவைக்காததால் அது ஒரு மூலையில் அப்படியே கிடந்தது. வன்தட்டில் விண்டோஸ் அமர்ந்திருந்த பகுதிதான் சிதைந்திருந்தது; இது குடியிருந்த பகுதி நலமாயிருந்தது. கீழ்நோக்கிய அம்புவிசையை ஒருமுறை அழுத்தி, அதன் பெயரைத் தேர்ந்தேன். மெதுவாக, மிக மெதுவாக, ஒரு புதிய திரை மலர்ந்தது. உள்ளே போய் விண்டோஸின் அறையைத் திறந்தால், என் கோப்புகள் வரிசையாக நின்றன. வாசற்கதவு இடிந்துவிட்டது என்று வீட்டையே இழந்ததாக அழுதுகொண்டிருந்தவன், கொல்லைப்புறக் கதவு திறந்தே இருப்பதைக் கண்டாற்போல் ஆயிற்று.

பென்டிரைவைச் செருகி, ஒன்றிரண்டாகப் படியெடுக்கத் தொடங்கினோம். பெரியவற்றையும் சினிமாப் படங்களையும் விட்டுவிட்டு, அம்மாவின் பதிவுகளை மட்டும் முதலில். 27 வந்தன. 28 ஆவதில் அந்த "டிக்… டிக்…" சத்தம் எழுந்தது, ஓட்டம் நின்றது. "நிறுத்திடுங்க அத்தா, அணைச்சிடுங்க" என்றாள் மகள். இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரே ஒரு முறை என்று என் கை துடித்தது. அணைத்துவிட்டேன். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

இரண்டு நாள் கழித்துத் தங்கை மகன் வந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு, 27 கிடைத்ததற்கு மகிழ்ந்தாலும் கடிந்துகொண்டான். சத்தம் கேட்ட அன்றே பெட்டியை அணைத்து வைத்திருக்க வேண்டும். சாகப்போகும் வன்தட்டைக் கோப்புக் கோப்பாகத் திறந்து திறந்து எடுப்பது, மூச்சுத் திணறுபவரிடம் கதை கேட்பது போன்றது என்றான். விண்டோஸுடன் வரும் பழுதுநீக்கும் செயலியை நான் ஓடவிடாமலிருந்ததற்குத்தான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னான். அது தட்டு நலமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டு எழுதவும் அழிக்கவும் செய்யும். இருப்பதைப் படியெடுத்த பிறகுதான் பழுது பார்க்க வேண்டும். பழுது பார்த்த பிறகு படியெடுக்கலாம் என்பது தலைகீழ்.

வன்தட்டைக் கழற்றினான். உள்ளங்கையளவுதான் இருந்தது. அதைக் கம்பியொன்றின் வழியாகத் தன் கணினியில் இணைத்து, டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டான். அது வேலை செய்யும் முறையை அவன் விளக்கியபோது, எனக்கு வயல்தான் கண்முன் வந்தது. மழைக்குப் பின் அறுவடை இயந்திரத்தை இறக்கும்போது, பள்ளத்தில் சேறாக இருக்கும் இடத்தில் முதலில் விடமாட்டார்கள். இயந்திரம் புதைந்துவிட்டால் மேட்டு நெல்லும் போய்விடும். காய்ந்த மேட்டை முதலில் அறுத்துவிட்டு, ஓரங்களைச் சுற்றி வந்து, கடைசியில்தான் பள்ளத்தில் அரிவாளோடு இறங்குவார்கள். அந்த மென்பொருளும் அப்படியே. எளிதில் படிக்க வரும் பகுதிகளை எல்லாம் முதலில் வாரிக்கொள்கிறது. தடுக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு தாண்டிவிடுகிறது. எல்லாம் முடிந்த பின் அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு திரும்பி வந்து, சிதைந்த இடத்தைச் சிறிது சிறிதாக, மீண்டும் மீண்டும் படித்துப் பார்க்கிறது. நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். போயிற்று, தொடர்ந்தது. ஓர் இரவும் ஒரு பகலும் ஓடிற்று. திரையில் எண்கள் குறைந்து வருவதை, மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்க்கும் உழவனைப்போல நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எஞ்சிய 14 இல் 11 முழுமையாகக் கிடைத்தன. இரண்டில் இடையிடையே ஓட்டை. ஒன்று வரவே இல்லை. அந்த வன்தட்டு அதற்குப் பிறகு ஒருநாளும் எழவில்லை. புதிதாக ஒன்று போட்டு அந்தப் பெட்டியை இன்றும் பயன்படுத்துகிறேன். இப்போது போட்டது சுழலும் பாகமற்றது. தட்டினாலும் அவ்வளவாகக் கவலையில்லை என்கிறான் தங்கை மகன். ஆனால் தட்டுவதில்லை. பதிவுகளின் படி ஒன்று ஷார்ஜாவில் மகளிடமும், ஒன்று தங்கை மகனின் கடையிலும், ஒன்று என் அலமாரியிலும் இருக்கின்றன. அறுவடை முடிந்ததும் அவன் வந்து விசிறியைத் திறந்து தூரிகை போட்டுவிட்டுப் போகிறான்.

எல்லாப் பதிவுகளையும் வரிசைப்படி உட்கார்ந்து கேட்டபோது, ஒன்றைக் கவனித்தேன். மடிக்கணினியின் ஒலிவாங்கியிலேயே பதிவு செய்ததால் விசிறியின் இரைச்சலும் அதில் விழுந்திருக்கிறது. 2016 இல் எடுத்தவற்றில் அம்மா நிறுத்தி மூச்சுவிடும் இடங்களில் நிசப்தம் இருக்கிறது; தொலைவில் ஒரு காகம்கூடக் கேட்கிறது. 2017 இல் மெல்லிய இரைச்சல். 2018 இல் அம்மாவின் குரல் தணிய, விசிறியின் குரல் உயர்கிறது. பெட்டி தன் நோயைத் தானே பதிவுசெய்து வைத்திருந்தது. கேட்கத்தான் ஆளில்லை. அம்மாவின் மூச்சிரைப்பும் கடைசிப் பதிவுகளில் தெளிவாகக் கேட்கிறது. அதையும் நான் அப்போது கேட்கவில்லை.

மீளாமற்போன அந்த ஒரு பதிவு, என் மகள் பிறந்தபோது அம்மா பாடிய தாலாட்டு. குறிப்பேட்டில் அது இருக்கிறது. ஆகவே சொற்கள் போகவில்லை. மெட்டை என் தங்கை ஓரளவு நினைவில் வைத்திருக்கிறாள். பக்கத்தை நானேதான் வாசித்தாக வேண்டும். புள்ளிகளை எண்ணி, பகரமா நூனா என்று தடுமாறி, ஒரு நாளைக்கு இரண்டு வரி ஓடுகிறது. எழுபதை நெருங்கும் வயதில் அரிச்சுவடிப் பிள்ளையாகியிருக்கிறேன்.

ஓட்டை விழுந்த இரண்டில் ஒன்று, ஒரு நலுங்குப் பாட்டு. நடுவே ஏறத்தாழப் பதினொரு விநாடி ஒன்றும் இல்லை. எத்தனை அடி போயிற்றென்று தெரியவில்லை. அந்த மௌனம் முடிந்து ஒலி திரும்பும் இடத்தில் அம்மா பாடிக்கொண்டிருக்கவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு என்னைக் கேட்கிறார்கள்:

"மிஷினு ஓடுதா தம்பி, நின்னு போச்சா?"

"ஓடுதும்மா" என்று என் குரல் சொல்கிறது. அம்மா கனைத்துக்கொண்டு, விட்ட அடியிலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள்.